கேட்பாரற்ற பெட்டி

ஜூன் கடைசி வெள்ளி, மூன்றே முக்கால் மணி.
கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போனபின்
மஞ்சள் பேருந்தைக் கொட்டகையில் விட்டுச்
சாவியை ஆணியில் மாட்டினேன்.
இனி அறுபத்தைந்து நாள்
யாரையும் நான் எண்ண வேண்டியதில்லை.

யார்க்டனிலிருந்து வைட்ஹார்ஸ்.
போக மட்டும் மூவாயிரம் கிலோமீட்டர்.
வழியில் நாற்பத்தேழு இடங்கள்,
பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
அட்சரேகை தீர்க்கரேகையோடு குறித்திருக்கிறேன்:
பாலத்தடியில் ஒன்று,
பாழடைந்த தானியக் கிடங்கின் கதவிடுக்கில் ஒன்று,
ஆல்பர்ட்டா எல்லைக் கல்லுக்கு எட்டடி வடக்கே ஒன்று,
‘கனமில்லாத பாறையைத் தூக்கு’ என்ற
ஒரே வரிக் குறிப்போடு இன்னொன்று.

எதிர்வீட்டு ஓரெஸ்ட் வேலியில் கையூன்றிக் கேட்டான்:
தங்கமா, டார்லீன்?
இல்லை. டப்பா.
டப்பாவில்?
காகிதச் சுருள்.
சுருளில்?
எனக்கு முன்னால் வந்தவர்கள் பெயர்.
கீழே என் பெயரை எழுதிவிட்டு
இருந்த இடத்திலேயே ஒளித்துவைத்துவிடுவேன்.

தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தான்.
அதற்கா நாலு டயரையும் மாற்றினாய்?
அதற்குத்தான்.
உள்ளே போனவன் திரும்பி வந்தபோது
ஒரு கையில் இழுவைக் கயிறு,
மறு கையில் பீட்ரூட் ஊறுகாய் ஜாடி.
கயிறு திரும்பி வரணும் என்றான்.
ஜாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பென்சில் பன்னிரண்டு. பேனா வேண்டாம்,
ஈரத் தாளில் பேனா ஊமை.
சுருளை உருவி எடுக்கப் புருவ இடுக்கி.
காந்தம், நூல் கட்டியது.
கரடிக்கு மிளகாய்த் தெளிப்பான்,
கொசுவுக்கு அதைவிடப் பெரிய தெளிப்பான்.
காகித வரைபடம்,
ஃபோர்ட் நெல்சன் தாண்டினால்
கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு.

பக்கத்து இருக்கையின் போல்ட் நாலையும் கழற்றி
அந்த இடத்தில் மெத்தையை விரித்தேன்.
யாராவது வரக்கூடும் என்று
ஒன்பது வருடம் காலியாகக் கிடந்த இடம்
இப்போது நான் கால் நீட்டும் இடம்.

இந்த விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு:
எடுத்தால், ஈடாக ஒன்றை வை.
வைக்க என்னிடம் என்ன இருக்கிறது?
பேருந்தின் கேட்பாரற்ற பெட்டி இருக்கிறது.
குப்பையில் போடச் சொன்னது அலுவலகம்.
ஒற்றைக் கையுறை பதினொன்று,
எப்படியோ அத்தனையும் இடக்கை.
வால் ஒடிந்த டைனோசர், கோலிக்குண்டுகள்,
மூக்குக் கண்ணாடியின் ஒரு கால்,
கோல்கீப்பருக்கு மீசை வரைந்த ஹாக்கி அட்டை,
எந்தப் பூட்டும் தனதென்று ஒப்புக்கொள்ளாத சாவி.
புதையல் காத்த பூதம் என்பார்கள்;
பத்து மாதம் நான் காத்தது இதை.
நாற்பத்தேழு பைகளில் பிரித்துப் போட்டேன்.

பெட்டியின் அடியில் ஓர் உறை.
உள்ளே பால்பல்.
மேலே கோணல் எழுத்தில் கெல்சி.
கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன்.
வந்தவள் உறைக்குள் எட்டிப் பார்த்து
நீங்களே வச்சுக்கோங்க என்றாள்,
எனக்கு இன்னும் நிறைய விழும்.
விதிகளைப் புரட்டிப் பார்த்தேன்.
உணவு கூடாது, கத்தி கூடாது, தீப்பெட்டி கூடாது.
பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.
ஆனாலும் காட்டில் விட்டுவர மனமில்லை.
டாஷ்போர்டு அறையில்
வண்டியின் பதிவுச் சான்றிதழோடு அது வருகிறது.

இரவு பத்து. வடமேற்கில் வானம்
இன்னும் முழுதாக அணையவில்லை.
தூக்கம் வராமல் போய் வண்டியில் உட்கார்ந்தேன்.
கை தானாகக் கண்ணாடியைத் திருகியது,
கண் தானாக எண்ணத் தொடங்கியது:
மெத்தை, தண்ணீர்க் கேன், ஜாடி, பைகள்.
யாரும் எழுந்து நிற்கவில்லை.
யாரும் யாரையும் கிள்ளவில்லை.
உட்காருங்க என்றேன்,
ஒரே ஒரு முறை, சத்தமாக.
ஓரெஸ்ட் வீட்டில் விளக்கு எரிந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
பென்சில் ஒன்றைக்கூட
இன்னும் சீவவில்லை.