ஜன்னல் வைத்த சில்லு

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில்
கடைகளின் ஷட்டர் இறங்கியபின்
அவற்றின் வாசலில் தார்ப்பாய் விரியும்.
செருப்பு, நைட்டி, ஜோடியில்லாத ஸ்பீக்கர்.
பெல்ட்டுக் குவியலை அடுத்து
அந்துவான் பரப்பியிருந்தான்
யாரோ மூடிய வீடியோ கேம் கடையின் மிச்சத்தை.
ஜாய்ஸ்டிக் குமிழ் நாலு, காசு விழும் பெட்டி ஒன்று,
நடுவே பாதிச் செங்கல் மாதிரி
ஒரு கேட்ரிட்ஜ்.

நான் அவசரப்படவில்லை.
முதலில் பக்கத்துக் கடையில் நைட்டி விலை கேட்டேன்.

"ஒரிஜினல் மேடம், ஜப்பான்.
ஆயிரத்து எண்ணூறு."

ஒரிஜினல் என்று ஒருவன் தானாக வாய் திறந்தால்
பாதி வேலை முடிந்தது.

கையில் எடுத்தேன். எடை போதாது.
நிஜமானதைத் தூக்கினால்
கட்டைவிரலின் அடிச்சதைக்கே தெரிந்துவிடும்.
லேபிளில் வீரனுக்கு நெற்றியில் காயம்,
சிவப்பு மட்டும் அரை மில்லிமீட்டர் நகர்ந்து
காதிலிருந்து ரத்தம் வருகிறது.
லென்ஸில் பார்த்தால் மைப்புள்ளிகள்
வரிசையில் நிற்காமல்
ரேஷன் கடைக் கூட்டமாக நிற்கின்றன.
ஓரம் கத்தரியால் வெட்டியது.
கத்தரி ஓரிடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறது.

மின்துறையில் எனக்கு வேலை.
மீட்டரைத் தொட்டிருக்கிறார்களா என்று
ஈய முத்திரையின் சுருக்கம் பார்த்துச் சொல்வேன்.
பதினாறு வருடமாகிறது,
திருட்டைக் கண்டால் இப்போது கோபம் வருவதில்லை,
கைவேலை எப்படி என்றுதான் கண் போகும்.

சாவிக்கொத்திலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.
நாலு ஸ்க்ரூவில் இரண்டு
ஏதோ டார்ச் லைட்டினுடையவை.
"அய்யோ பிரிக்காதீங்க" என்றான் அந்துவான்.
தடுக்கவில்லை,
உள்ளே என்ன என்று அவனும் எட்டிப் பார்த்தான்.

பச்சைப் பலகை.
சில்லின் முதுகில் அச்சிட்ட வருடம்
அந்த விளையாட்டு வந்ததற்கு மூன்று வருடம் பின்னால்.
போதும், போலி.

அசல் சில்லுக்கு ஜன்னல் கிடையாது.
உள்ளே போனதை
உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும்.
இதற்கு உண்டு,
சுண்டுவிரல் நகத்தளவு வட்டக் கண்ணாடி.
வெயில் விழுந்துகொண்டேயிருந்தால்
குதிப்பது, குத்துவது, கடைசி எதிரியின் பெயர்
கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்துவிடும்.
அதனால் வெள்ளித்தாள் ஒட்டி மூடுவார்கள்.

இதில்
மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.

நாலு சில்லு, நாலு பொட்டு.
மூன்று வட்டம்.
ஒன்று மட்டும் நீளத் திலகம்,
அட்டையில் வட்டம் தீர்ந்திருக்கும்.

தைவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
இல்லை. இங்கேதான் எங்கேயோ,
மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில்
ஒரு பழைய ட்யூப் லைட்டுக்குக் கீழே.
சாலிடர் சொட்டுகள் எல்லாம் ஒரே அளவு,
பதறாத கை.
திலகத்தை அட்டையிலிருந்து எடுத்தாளா,
நெற்றியிலிருந்தா?
அதன் விளிம்பில் பவுடர் மாதிரி ஏதோ இருக்கிறது.
லென்ஸ் வைத்தும் தெரியவில்லை.

அறிவுடைநம்பிக்குப் படம் அனுப்பினேன், சென்னைக்கு.
"டூப்பு. தூக்கிப் போடு."
அவன் அலமாரியில் நூற்றுப் பத்து இருக்கின்றன.
அத்தனையும் அசல்.
ஒன்றையும் ஓட்டிப் பார்த்ததில்லை.

"போலி" என்றேன் சத்தமாக.
"லேபிள், பலகை, ஸ்க்ரூ, ஒன்றுகூட உருப்படி இல்லை.
எழுபது ரூபாய் தருகிறேன், அதுவே அதிகம்."

அந்துவான் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பத்தரை மணி வெயில் தெருவில் நேராக இறங்கியிருந்தது.
நான் அதற்கு முதுகு காட்டித் திரும்பி
துப்பட்டாவைக் குடையாக இழுத்து
திறந்த பலகையின்மேல் நிழல் பிடித்திருந்தேன்,
எப்போதிலிருந்து என்று
எனக்கே தெரியாது.

அவனுக்குத் தெரிந்திருந்தது.
"நானூறு மேடம்" என்றான்.
"ஒரு பைசா குறையாது."