தேவாலா ஸ்டேஷனில்

ரைட்டர் இன்னும் வரவில்லை.
பெஞ்சில் உட்காரச் சொன்னது ஒரு பெண் போலீஸ்.
குடையிலிருந்து வடியும் நீர்
என் செருப்பைச் சுற்றிக் குளம் கட்டுகிறது.
எழுந்து போய்விட இன்னும் நேரம் இருக்கிறது.
எதிரேதான் நாடுகாணி பஸ்
என்ஜினை அணைக்காமல் நிற்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால்
இதே மழை.
ஈட்டி மரம் ஒன்றை இரவோடு இரவாகச் சாய்த்தோம்
நானும் தேவசித்தமும்.
வெட்டுவாயில் மரம் கருஞ்சிவப்பாக இருந்தது.
டார்ச்சை அணைத்த பிறகும்
அந்த நிறம் மட்டும் அணையவில்லை.
வாட்சர் கேத்தன் வந்தார், ஒற்றை ஆளாக,
கையில் ஒரு கம்புகூட இல்லாமல்.
கோடரியைத் திருப்பிக் காம்பால் அடித்தது
நான்.
ஒரே அடி.
அவர் பேச்சில் பாதி
இன்றுவரை திரும்பவில்லை.

புல் தைலம் காய்ச்சும் கொட்டகையில் ஒளிந்தேன்.
அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் குளிர்காய்ந்தார்கள்.
"தேவசித்தத்தைப் பிடிச்சிட்டாங்களாம்,
நீ அவன் கூட்டாளிதானே?" என்றாள் ஒருத்தி.
"அவனுக்கும் எனக்கும் என்ன பேச்சு" என்றேன்.
ஜீப் வந்தபோதும் அதையே சொன்னேன்.
கூண்டில் ஏறியும்
அதையே.
சேவல் எதுவும் கூவவில்லை.
கூவியிருந்தால் அழுதிருப்பேனோ என்னவோ.
கணுக்காலில் ஓர் அட்டை
குடித்து முடித்து
தானாக உதிர்ந்து போனது.

பிறகு நான் குடித்தேன்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சபைக்குத் தகரம் மாற்றக் கூப்பிட்டார்கள்.
கூலிக்குப் போனேன், சாமிக்கு அல்ல.
ஞாயிற்றுக்கிழமை என்பதே மறந்து
கூரைமேல் இருந்தேன்.
கீழே ஜெபம்.
சலோமியின் குரல்.
புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள்,
கேத்தன் பெயரைச் சொல்லி அழுதாள்,
கொஞ்சம் நிறுத்தி
"நெசமா அடிச்சவன் யாரோ, அவனையும்
கைவிட்டுராதீங்க ஆண்டவரே" என்றாள்.

கூரையைப் பிரித்து ஒரு நோயாளியை
அவர் முன்னால் இறக்கினார்களாம் அந்தக் காலத்தில்.
நானோ கூரையை மூட வந்தவன்.
ஆணி வாயில் இருந்தது.
சுத்தியலைப் பிடித்த கை
முட்டிவரை மரத்துப் போயிருந்தது.
யாரும் இறக்கவில்லை; ஏணியில் நானே இறங்கினேன்.

அதற்கப்புறம் கடைசி பெஞ்சில் இரண்டு வருஷம்.
அப்பமும் ரசமும் வரும்போது
செருப்பைத் தேடுகிறவன்போல்
வெளியே போய்விடுவேன்.

போன மாதம் கோயம்புத்தூர் ஜெயிலுக்குப் போனேன்.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
பாதி நரைத்திருந்தான்.
சொன்னேன். எல்லாவற்றையும்.
வெகுநேரம் என் சட்டைப் பொத்தானையே பார்த்தான்.
"அங்க மழையா?" என்றான்.
மழைதான்.
"லயத்துக் கூரை ஒழுகும்.
நீ தகரம் போடுற ஆளுதானே?"
மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

நேற்றுப் போட்டு முடித்தேன்.
சலோமி கீழே நின்று
ஒவ்வோர் ஆணியாக எடுத்துக் கொடுத்தாள்.
இறங்கி வந்து சொன்னேன்.
எனக்கென்று ஆற்றிய டீயை
வாசலில் ஊற்றினாள்.
கதவைச் சாத்தினாள்.
திரும்பவும் திறந்து
முகம் பார்க்காமல் குடையை நீட்டினாள்.
அவனுடைய குடை.

கேத்தன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.
அதற்கு வேறு தைரியம் வேண்டும்.
ஆண்டவர் வந்ததும் பயம் ஓடிப்போனதென்று
சபையில் சாட்சி சொல்வார்கள்.
எனக்கு ஓடவில்லை.
அதையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.
இருவரும் ஒரே குடையில்
நனைந்துகொண்டே வந்தோம்.

ரைட்டர் வந்துவிட்டார்.
தொப்பியை உதறி, நாற்காலியை இழுத்து,
"என்ன விஷயம்?"
எதிரே பஸ் ஹாரன் அடிக்கிறது, இரண்டு தரம்.
"அந்த ஈட்டி மரக் கேஸ், ஐயா."
"அது எப்பவோ முடிஞ்சுதே."
"முடியலைங்க."
நிமிர்ந்து பார்த்தார்.
"பேரு?"
"ஏசடியான்."
"என்னது?
மெதுவா, எழுத்துக் கூட்டிச் சொல்லு."