அரிசியில் குளித்த குதிரை

மரங்களை அழிப்பது என் வேலை.
பெருங்குடி, நான்காம் மாடி, ஏசி பதினெட்டில்.
விமானத்திலிருந்து லேசர் தொட்டுத் தொட்டு எண்ணிய
ஜப்பான் மலையொன்று
கோடிப் புள்ளிகளாய்த் திரையில் நிற்கிறது.
தேவதாரு, மூங்கில், பேர் தெரியாத புதர்.
தேர்ந்தெடு, நீக்கு. தேர்ந்தெடு, நீக்கு.
சாப்பாட்டு நேரத்துக்குள் மலை மொட்டை.

மொட்டைத் தலையில்தானே தழும்பு தெரியும்.
சரிவை அறுத்து இறங்கும் வறண்ட அகழிகள்,
மூலை சரிந்த கல்வரிசை,
உச்சியில் காவல்மாடம் நின்றதற்குச் சாட்சியாய்
ஆறு குழிகள்.
சாமுராய் ஒருவனும் இல்லை.
வாள் சத்தம் புள்ளியாகப் பதியாது.

நம் பக்கம் மதில் காத்தவன் நொச்சி சூடினான்,
வளைத்தவன் உழிஞை.
உழிஞை என்பது முடக்கத்தான்தானாம்,
மூட்டுவலிக்குத் தோசையில் அரைக்கிறோம்.
நொச்சி எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கிறது,
கொசுவுக்காக மாநகராட்சி கொடுத்தது.
இந்த மே மாதம் அது வெறும் குச்சி.

ஹிராய்வா குறிப்பு அனுப்பியிருந்தார்:
வடகிழக்குப் பள்ளம் கிணறா, சரிபார்க்கவும்.
ஊரில் ஒரு கதை உண்டு, ஆதாரம் இல்லை.
முற்றுகையில் எதிரி ஓடையைத் திருப்பிவிட்டான்.
உள்ளே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள,
குதிரைகளை மதிலோரம் நிறுத்தி
மரக்குவளையால் மொண்டு மொண்டு
முதுகில் ஊற்றினார்கள்
அரிசியை.
கீழேயிருந்து பார்த்தால் தண்ணீர்.
பளபளவென்று, தாராளமாக, வீணாக.

ஞாயிற்றுக்கிழமை.
பள்ளிக்கரணை. லாரி வந்து ஐந்து நாள்.
மூன்றாம் மாடியை விற்கப்போகும் கோதண்டபாணி
வாங்க வருகிறவர்கள் வருவதற்குக் கால்மணி முன்னால்
இரண்டு கேன் குடிதண்ணீரைக்
காரின் மேல் ஊற்றினார்,
மெதுவாக, கண்ணாடி, கூரை, டயர் என்று.
வந்தவர்கள் ஈரத்தில் சேலையைத் தூக்கி நடந்தார்கள்.
"தண்ணிக்கு மட்டும் இங்க குறையே இல்ல.
வேணும்னா இவங்களக் கேளுங்க."

என்னைத்தான் சொன்னார்.
நான் சிரித்தேன்.
காலால் என் காலிக்குடத்தைக்
கதவுக்குப் பின்னே தள்ளினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
நானும் அதே மதிலுக்குள்தான் இருந்தேன்.

கதையின் மீதி திங்களன்று படித்தேன்.
குருவிகள் இறங்கிக் கொத்தத் தொடங்கினவாம்.
மறுநாள் கோட்டை எரிந்ததாம்.
கோதண்டபாணியின் கார் மேல்
ஒரு காக்கை வந்து உட்கார்ந்து
அலகைத் தேய்த்துவிட்டுப் பறந்ததை
நான் மட்டும் பார்த்தேன்.

பிறகு வடகிழக்குப் பள்ளத்துக்குப் போனேன்.
விளிம்பு வட்டம், நல்ல வட்டம்.
நடுவில் புள்ளிகளே இல்லை.
எவ்வளவு பெரிதாக்கினாலும் கறுப்பு.
பதிலில் எழுதினேன்:
லேசர் போய்த் திரும்பாத இடம் இது.
பதிவுப் பிழையாக இருக்கலாம்.
தண்ணீரில் விழுந்தாலும் அது திரும்பாது.