எழுதுபொருள் செலவு

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
கோயம்புத்தூரில் நாலு இடத்தில் ஓவியத் திறப்பு.
ரேஸ்கோர்ஸில் ஆறு மணிக்கு,
சாயிபாபா காலனியில் ஆறரைக்கு,
அவிநாசி ரோட்டில் மேம்பாலத் தூணுக்குப் பின்னால் ஏழுக்கு,
கணபதியில் எப்போது ஆள் வருகிறதோ அப்போது.
முதல் மூன்றுக்கும் கணக்கு எழுதுகிறவள் நான்.
நாலாவதற்குக் கணக்கே கிடையாது.

கலாமணியின் ஸ்கூட்டரில் போகிறோம்.
அவளுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது,
தீனி பற்றித் தெரியும்.
"ரேஸ்கோர்ஸ்ல சீஸ் குச்சிதான் கண்ணு, வயிறு நெறையாது.
காலனில சமோசா. மொதல்ல அங்க போயிரலாம்."
நான் வரிசையை மாற்றவில்லை.

ரேஸ்கோர்ஸில் ஒருவர்
வெள்ளைத் துணியில் வெள்ளை தீட்டியிருந்தார்.
வெகுநேரம் பார்த்தேன்.
ஏசி நன்றாக இருந்தது.
கைத்தறிச் சேலைகள், லினன் சட்டைகள்,
வெறுமையின் கனம் என்று எவரோ எவரிடமோ.
அதே ஆட்கள் அரைமணி கழித்துக்
காலனியில் எங்களுக்கு முன்னால் நின்றார்கள்,
அப்புறம் அவிநாசி ரோட்டிலும்.
மூன்றாம் முறை
கல்யாணவீட்டுச் சொந்தம்போலத் தலையசைத்துக்கொண்டோம்.
படங்கள்தாம் இடத்துக்கு இடம் மாறின,
நாங்கள் மாட்டிவைத்தபடியே இருந்தோம்.

சட்டகங்களின் ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள்.
விற்றாகிவிட்டது என்று அர்த்தம்.
எது விற்றது எது விற்கவில்லை என்று எனக்குத் தெரியும்.
போன வருசம் முழுக்கப் பதினேழு பொட்டு,
ரசீது ஐந்து.
மீதிப் பன்னிரண்டும்
பஸ் சீட்டில் போட்ட துண்டு மாதிரி,
பார்க்கிறவருக்கு ஆசை வரட்டும் என்று.
அதுவும் ஒப்பணக்கார வீதி ஃபேன்சி ஸ்டோரில்
அட்டை பத்து ரூபாய்க்கு வாங்குவது,
நெற்றிக்கு ஒட்டுகிற அதே பொட்டு.
எழுதுபொருள் செலவு என்று
நான்தான் எழுதுகிறேன்.

கணபதியில்
மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடி.
படியெல்லாம் வார்னிஷ் வாசனை.
இரண்டு ட்யூப் லைட்டில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.
தீனி இல்லை.
கலாமணி வந்த வேகத்தில் பேக்கரிக்கு இறங்கிவிட்டாள்.

வரைந்தவள் ஜெரினா. கரும்புக்கடை.
பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர்.
மூலையில் நின்றுகொண்டு
வருகிறவர் முகத்தைப் பார்க்காமல்
செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வந்ததே நாலு செருப்பு ஜோடி,
ஒன்று கட்டட ஓனருடையது.

பத்துப் படம். ஒரு பொட்டும் இல்லை.
ஏழாவது, முழங்கை அகலம்தான் இருக்கும்:
ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
ஒடிந்த காலைக் கம்பி போட்டுக் கட்டியது.
மழை விட்டிருக்கிறது.
உட்காருகிற இடத்தில் தேங்கிய நீர்,
நீரில் பேங்கின் பெயர் தலைகீழாய்.
காவலாளி எங்கோ போயிருக்கிறார்,
திரும்பி வந்து
அதைக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவார்.
ஆறாயிரத்து ஐந்நூறு.

ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.
பன்னிரண்டு பொய்க்குச் செலவு எழுதிய கை.
நெற்றிப் பொட்டை நகத்தால் பிய்த்து
நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
மற்றவர்களுக்கு ஆசை வரட்டும்,
அவ்வளவுதான் நினைத்தது.

ஐந்து நிமிசத்தில் பார்த்துவிட்டாள்.
ஓனரிடம் ஓடினாள், என்னிடம் வந்தாள்,
படியேறி வந்த கலாமணியையும் விடவில்லை.
"யாருங்க வாங்குனது? யாருங்கக்கா?"

கலாமணி பப்ஸைக் கடித்தபடி
சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஏண்டி, பொழுது சாஞ்ச நேரத்துல
வெறும் நெத்தியோடவா நிப்பாங்க?"
எல்லோர் காதிலும் விழுந்தது.

மூன்று தவணை.
ரசீது எழுதியது நான்,
வாங்கியவர் பெயரிலும் நான்.
படம் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிறது.
இரவு தண்ணீருக்கு எழுந்தால்
அந்த நாற்காலி இன்னும் நனைந்தே கிடக்கிறது.

அடுத்த மாதம் கணபதிக்குப் போனபோது
பொட்டு அதே சுவரில் இருந்தது.
பக்கத்தில் வேறொரு படம்.
அதை வாங்கியது யார் என்று
லினன் சட்டைக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.
ஜெரினா செருப்பைப் பார்க்கவில்லை,
நேராக என் முகத்தைப் பார்த்தாள்.