திருப்பி அழைத்தல்

மஞ்சக்குப்பம் தலைமை அலுவலகத்தின் பின்னறை.
செருப்பு வைக்கும் அலமாரியில்
பதினாறு மோடம்.
ஜன்னல் வழியே கெடிலத்தின் புழுக்கம்.

யாரையும் உள்ளே விடாதே
என்றுதான் தொடங்கியது கோப்பு.
பிறகு ஒவ்வொருவராய் விட்டேன்:
பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி.
சர்வருக்கும் மோடம் பெட்டிக்கும் நடுவே
ஒரு ரகசியச் சொல்,
இரு பக்கமும் அச்சு அசலாய் ஒன்றாக இருக்க வேண்டும்.
ஒரு பக்கம் கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது.
கண்ணுக்குத் தெரியாத அந்தக் காலியைத் தேட
வியாழக்கிழமை முழுக்கப் போயிற்று.

முதுநகர் கிளை சபுராவின் பெயரில்
போன மாதம் வேறு யாரோ நுழைந்திருந்தார்கள்.
அதனால் அவளுக்கு மட்டும் கூடுதல் காவல்:
பெயரைக் கேள். சொல்லைச் சரிபார்.
உடனே போனை வை.
பதிவில் இருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிடு.
ஆள் பொய் சொல்லலாம், இடம் சொல்லாது.
எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன், கொஞ்சம் மிதப்போடு.

ஐப்பசி மழையில் கிளைக்குள் முழங்கால் தண்ணீர்.
இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக்கு மாறினார்கள்.
எண் மாறிய கடிதம்
என் மேசைக்கு வரவில்லை. அல்லது வந்தது.

இரவு ஒன்பது பத்து.
சபுரா அழைத்தாள். பெயர் சரி, சொல் சரி.
சர்வர் போனை வைத்தது, திருப்பி அழைத்தது.
துறைமுகத்தருகே ஓர் ஐஸ் கம்பெனியில்
மணி அடித்தது.

நைட் ஷிஃப்ட் நாகமுத்து எடுத்து
ஹலோ என்றார்.
என் பெட்டி கீச்சிட்டது,
தனக்குத் தெரிந்த ஒரே மொழியில்,
நீதானா நீதானா என்று.

மூன்று முறை முயல்க என்று நான்தான் வைத்திருந்தேன்.
பன்னிரண்டு இரவு.
காலையில் ஃபிளாப்பியோடு டவுன் பஸ்ஸில் வருவாள் சபுரா.
லைன் சரியில்லை என்பேன்.

பதிமூன்றாம் நாள் ரப்பர் பூட்ஸோடு
கவுன்ட்டருக்கு வந்தார் நாகமுத்து.
"பகல்ல பேங்கான்னு கேக்கறாங்க.
அப்ப ராத்திரி கத்தறதும் உங்க ஆளுதான?"

எண்ணை மாற்றினேன். அரை நிமிட வேலை.
வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.
"நான் பேசினதெல்லாம் அதுல பதிவாயிருக்குமா?
மொத நாளு திட்டிட்டேன்.
அப்பறம்..."
அதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குக் குரல் கேட்காது என்றேன்.
அப்படியா, என்று
கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்தார்.

அவர் போன பிறகு பதிவைத் திறந்தேன்.
முப்பத்தாறு வரி.
முப்பத்தாறிலும்:
பதில் இல்லை.