இரண்டு சாட்சிகள்

மார்ச் கடைசி இரவில்
என் புருஷன் இம்புலா ஈட்டியோடு போனான்.
காப்பித் தோட்டத்தில் கூலியில்லாமல் முதுகொடிந்த
இருபத்திரண்டு பேர்.
மந்திரித்துத் தெளித்த நீரில் தலை நனைந்திருந்தது.
ரனு என்று கத்திக்கொண்டு ஓடினால்
வெள்ளைக்காரன் குண்டு தண்ணீராகிவிடுமாம்.
எங்கள் பேச்சில் ரனு என்றால் தண்ணீர்தான்,
வேறொன்றுமில்லை.
அன்று மாலை பானை கழுவவும்
அதைத்தான் மொண்டேன்.

ரயிலடியில் தந்திக்கம்பி அறுந்தது.
காவலுக்கு நின்ற செனகல்காரன்,
அவனும் யாரோ பெற்ற பிள்ளை,
தண்டவாளத்தின் குறுக்கே கிடந்தான்.
மூன்று நாள் எங்கள் ராஜாங்கம்.
நாலாம் நாள் விமானம் வந்தது.

மடகாஸ்கரின் கீழைக்காட்டில் பதினோரு மாதம்.
உப்பு முதலில் தீர்ந்தது, பிறகு கிழங்கு,
பிறகு ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பது.
பட்டாளம் அடியில் போகும்போது
கைக்குழந்தை அழுதுவிடக் கூடாதென்று
ஸாஃபிசுவா மார்போடு அழுத்திப் பிடித்தாள்.
நெடுநேரம் பிடித்தாள்.

இம்புலாவை ஆற்றுத்துறையில் சுட்டார்கள்.
ரனு என்று கத்தினானா, தெரியாது.
ஆறு இரைந்துகொண்டிருந்தது.

வெள்ளைத்துணி கட்டிய கழியோடு இறங்கி வந்தோம்.
முகாமில் ஒரு மேசை, ஒரு துபாஷி, ஒரு மைப்பெட்டி.
கலகக்காரன் பெண்டாட்டி என்றால் வயல் போய்விடும்.
"காய்ச்சலில் போனார்,
ஈட்டியைத் தொட்டதே இல்லை" என்றேன்.
இரண்டு சாட்சி கேட்டார்கள்.
ஸாஃபிசுவா பெருவிரல் வைத்தாள்.
நொண்டித் தூம்பு வைத்தான்,
அவன் கால் போனதே
இம்புலாவின் பக்கத்தில் நின்றதால்தான்.
வயல் தங்கிற்று.

கொடி மாறி, மந்திரிகளும் மாறி,
வெகுகாலம் கழித்து
அதே கட்டடம், அதே மேசை,
எங்கள் நிறத்தில் ஓர் அதிகாரி.
போராடிச் செத்தவர் குடும்பத்துக்குப் பணம் உண்டாம்.
கோப்பைத் தட்டித் தூசி ஊதினார்.
"காய்ச்சல் என்றல்லவா இருக்கிறது?"
பொய் சொன்னேன் என்றேன்.
"சரி. கையில் ஈட்டியோடு பார்த்தவர்கள்
இரண்டு பேர் வேண்டும்."

ஊரில் மிஞ்சியவை அதே இரண்டு பெருவிரல்கள்.

தூம்பு சிரித்தான், இருமல் வரும்வரை.
ஸாஃபிசுவா சிரிக்கவில்லை.
"என் பிள்ளை எதில் போனதென்று
எழுதியிருக்கிறது, பார்த்தாயா?"
பார்த்தேன்.
அதுவும் காய்ச்சல்தான்.

சோற்றுப்பானையின் அடிப்பற்றில் நீரூற்றி
கருகல் மணக்கக் கொதிக்கவிட்டேன்.
மூன்று தகரக் குவளைகள்.
யாரும் ஒன்றும் பேசாமல் ஊதி ஊதிக் குடித்தோம்.

விண்ணப்பம் கூரைச் செருகலில் இருக்கிறது.
அந்த மூலைதான் ஒழுகும்.
தெரிந்து வைத்தாயா என்று
என்னைக் கேட்காதீர்கள்.