இடைவேளைக்குப் பிறகு

அந்தப் படத்தில் நான் பார்த்தது பாதிதான்.
முன்பாதி எனக்கு, பின்பாதி ஜெபினுக்கு.
ஒரே பாஸ். அப்பாவின் கம்பெனி மூடி ஐந்தாவது மாசம்
கூட வேலை பார்த்த தங்கையன் அண்ணன்
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனது.

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்தெரு.
ஒரு ஹாலை ப்ளைவுட்டால் நாலாக வெட்டி
அதில் ஒரு துண்டு எங்களுடையது.
பக்கத்துத் துண்டில் யாராவது தும்மினால்
அம்மா தூக்கத்திலேயே "ஸ்தோத்திரம்" என்பாள்.
ஃபீஸ் வரும்வரை பள்ளிக்கூடம்
எங்கள் பெயரை நிறுத்திவைத்திருந்தது.
லிஃப்டில் யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும்.
நாலு மாசக் காய்ச்சல்.

வெள்ளிக்கிழமை, சங்கத்து ஹால்.
உள்ளே ஏசி. அதற்காகவே போகலாம்.
ஜெபின் கீழே பள்ளிவாசல் சுவரோரம்
தண்ணீர்க் கூலரடியில் காத்திருந்தான்,
குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளர் எடுத்துக் கொடுத்தபடி.
விளக்கு எரிந்ததும் ஓடி இறங்கி
கிழித்த பாஸை அவன் கையில் திணித்தேன்.
"ஆடு வெள்ளை. அண்ணன் பேரு மாசி.
தங்கச்சிக்குப் பேச்சு வராது. கடனுக்கு ஆட்ட வித்துட்டாங்க. ஓடு!"

ராத்திரி,
பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் எங்கள் பாய்.
கிசுகிசுத்தே இரண்டு பாதிகளையும் தைத்தோம்.
என் பாதியைச் சொன்னேன், ஒரு இடம் தவிர:
வட்டிக்காரன் முன்னால் அந்த அப்பா மண்டிபோட்டது,
ஊரே பார்க்க, பிள்ளைகளும் பார்க்க.
எங்கள் அப்பா கட்டிலில் விழித்திருந்தார்.
இருமலை அடக்கும் சத்தம் கேட்டது.
"அவருக்குக் காய்ச்சல். அதான் வேலைக்குப் போகல" என்றேன்.
ஜெபின் கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்றான்.

பிறகு அவன் முறை.
"ஆடு கயித்த அறுத்துட்டு
ராத்திரியோட ராத்திரியா வந்துட்டுக்கா.
வாங்கினவன் தேடி வந்தான்.
தங்கச்சி வாயத் திறந்து, 'எங்க ஆடு'ன்னு சொல்லிட்டா.
எல்லாரும் கை தட்டினாங்க."
ஒன்பது வயது அவனுக்கு. எனக்குப் பன்னிரண்டு.

அடுத்த மாசம் ஒருவர் ஃபீஸுக்கு மட்டும் பணம் புரண்டது.
எனக்குக் கணக்கு வரவில்லை என்றேன்.
அம்மா என் முகத்தைப் பார்க்காமல்
அவன் சட்டைக்கு பட்டன் தைத்தாள்.
பக்கத்துத் துண்டின் இரட்டைக் குழந்தைகளை
பகலெல்லாம் பார்த்துக்கொண்டேன்,
மாசம் இருநூறு திர்ஹம்.

இப்போது நான் டைப்பிங் சென்டரில்
மற்றவர்களின் விசாவை அடிக்கிறேன்.
ஜெபின் ருவைஸில் இருக்கிறான், சாரம் சரியாக நிற்கிறதா என்று
கையெழுத்துப் போடுகிற வேலை.
போன வாரம், அசையாத டிராஃபிக்கில், பஸ்ஸில்,
மொபைலில் அந்தப் படம்.
கடைசிவரை பார்த்தேன்.

ஆடு திரும்பவில்லை.
வாங்கினவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில்
அது இலைக்கு வருகிறது.
அண்ணன் பசியில் சாப்பிடுகிறான்.
தங்கை இலையை மூடிவிட்டு எழுந்துபோகிறாள்,
ஒரு சொல் இல்லாமல்.

அவனைக் கூப்பிட்டேன்.
"லே, ஆடு வரவே இல்லையே."
அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடி நின்றது.
"அந்த அப்பாவுக்குக் காய்ச்சலும் இல்லியேக்கா."
"நீ எப்ப பார்த்த?"
"அன்னைக்கேதான். பந்தியில ஒருத்தன் மாசியக் கேப்பான்,
'மண்டிபோட்டவன் மவன்தானே நீ'ன்னு."

பஸ் ஒரு அடி நகர்ந்தது.
சாப்பிட்டியா என்று கேட்டேன்.
குபூஸ் விலை ஏறியதைப் பற்றி
இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம்.